பழைய டிராக்டர் கிளம்ப மறுப்பது ஏன்?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையில் அமைந்தது மாகறல். திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற சிவத்தலமாதலின் நாடறிந்த ஊர். காஞ்சி நகரில் பட்டுத் தறி ஓயாது ஒலிப்பது போல, இப்பக்கத்துக் கழனிகளில் உழவுத் தொழில் ஓயாது நடைபெறுகின்றது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பட்டம் நெல் விளையும் பூமி இது. ஆற்றிலும் ஏரியிலும் நீர் வந்தவுடன் உழுது முடிக்க வேண்டும். சேறு பதம் மாறுமுன் நாற்று ஊன்றப்பட வேண்டும். உழவு மாடு அருகிவிட்ட இந்நாளில் இவ்வளவு வேலையும் டிராக்டரையே நம்பி இருக்கின்றது.

புதிய டிராக்டர் வாங்க வசதியுள்ளோர் சிலரே. இருபது, முப்பது ஆண்டு உழைத்த பழைய டிராக்டர்களே கிராமங்களில் மிகுதி. அவற்றைப் பற்றி நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு. "காலையில் கிளம்புவதில்லை, நாலு பேர் தள்ளினால்தான் ஓடுகிறது" என்பதே அது. இக்குறையின் காரணம் பெரும்பாலும் எண்ணெய் வரும் வழியில் இருக்கின்றது. அதனை உழவரே முறையாக ஆராய்ந்து கண்டுகொள்ளும் வகையை இப்பாடத்தில் விளக்குவோம்.

மாகறல் பக்கத்தில் கண்டது

சம்பா நடவுக் காலத்தில் மாகறல் பக்கத்தில் பழைய டிராக்டர் ஒன்றை நாம் பார்க்க நேர்ந்தது. உடையவர் ஒருவர், அதனை வாடகைக்கு நம்பியிருந்த குடியானவர்களோ ஏழெட்டுப் பேர். சில நாள் விடியற்காலையில் வண்டி கிளம்பவில்லை. முதலில் பாட்டரி பழையது என்றார்கள். புதியது வாங்கிப் பொருத்தப்பட்டது. பின்னர் செல்ப் மோட்டார் பழுது பார்க்கப்பட்டது. அதன் பின்னர் அழுத்தப் பம்பைக் கழற்றிப் பட்டறைக்கு எடுத்துச் சென்றார்கள். பணமும் போயிற்று, ஆறு நாள் உழவும் போயிற்று. குறை மட்டும் போகவில்லை.

நாம் உடையவரிடம் ஒரு கேள்வி கேட்டோம்: "ஐயா, எல்லா நாளும் கிளம்பவில்லையா, சில நாள் மட்டும் கிளம்பவில்லையா?" அவர் சிந்தித்துச் சொன்ன விடை இது: "முதல் நாள் மாலையில் டீசல் நிரப்பி வைத்தால் மறுநாள் கிளம்பிவிடுகிறது. தொட்டியில் பாதிக்குக் கீழே இருந்தால்தான் தொல்லை." அவ்விடையிலேயே நோயின் மூலம் இருந்தது. தொட்டி நிறைந்திருந்தபோது எண்ணெயின் கனமே குழாயை நிரப்பி வைத்தது. தொட்டி குறைந்த இரவுகளில் குழாயின் ஓர் இணைப்பு வழியே காற்று நுழைந்தது. எண்ணெய் தொட்டிக்கே திரும்பி இறங்கிற்று. தேய்ந்த செப்பு வாசர் ஒன்றை மாற்றியதும் வண்டி முதற் சுற்றிலேயே கிளம்பிற்று. சில ரூபாயில் தீர வேண்டிய குறைக்காகப் பெருந்தொகை செலவழிந்தது. அறியாமையைக் காட்டிலும், ஒழுங்காகத் தேடாமையே இதற்குக் காரணம்.

தறியில் இழை அறுந்தால் நெசவாளர் பாவு முழுவதையும் வெட்டி எறிவதில்லை. ஓரத்திலிருந்து இழை இழையாகப் பார்த்து, அறுந்த இடத்தைக் கண்டு முடிச்சிடுகின்றார். எஞ்சினிலும் அம்முறையே ஏற்றது.

டீசல் எஞ்சின் கிளம்புவது எப்படி?

ஜெர்மானியப் பொறியியலாளர் ருடால்ப் டீசல் தம் எஞ்சினை 1897-ஆம் ஆண்டில் வெற்றியுடன் இயக்கிக் காட்டினார். பெட்ரோல் எஞ்சினைப் போல இதற்கு மின்பொறி தேவையில்லை. உள்ளே இழுத்த காற்றைப் பதினைந்து, பதினாறு மடங்கிற்கு மேல் அழுத்தும்போது அது மிகுந்த சூடு அடைகின்றது. அச்சூட்டில் டீசல் எண்ணெய் தூவப்பட்டவுடன் தானே பற்றிக்கொள்கின்றது.

ஆகவே எஞ்சின் கிளம்புவதற்கு மூன்று இன்றியமையாதவை. ஒன்று, போதிய வேகத்துடன் சுழற்ற வேண்டும். இரண்டு, காற்று நன்கு அழுத்தப்பட்டுச் சூடேற வேண்டும். மூன்று, எண்ணெய் உரிய நேரத்தில், உரிய அளவில், பனித்துளி போன்ற நுண்ணிய தூறலாக வந்து சேர வேண்டும். முதலது பாட்டரி, செல்ப் மோட்டார் ஆகியவற்றைச் சேர்ந்தது. இரண்டாவது பிஸ்டன், ரிங், வால்வு ஆகியவற்றைச் சேர்ந்தது. மூன்றாவதே நம் பாடம்.

எண்ணெய் செல்லும் வழியை மனத்தில் வரைந்துகொள்வோம். தொட்டியிலிருந்து குழாய் வழியே பீட் பம்பிற்கு வருகின்றது. பீட் பம்பு அதனை வடிகட்டிகளுக்குத் தள்ளுகின்றது. வடிகட்டிகளைக் கடந்து அழுத்தப் பம்பை அடைகின்றது. அங்கிருந்து கனத்த இரும்புக் குழாய்கள் வழியே ஒவ்வொரு சிலிண்டரின் நாசிலுக்கும் சென்று தூவப்படுகின்றது. பழைய எஞ்சின்கள் பலவற்றில் நாசில் திறக்கும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ ஆகும். இவ்வழுத்தத்தைத் தாங்குவதற்காக, அழுத்தப் பம்பின் உள்ளுறுப்புகளுக்கு இடையே விடப்படும் இடைவெளி மிகமிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் இரண்டு மூன்று கூறுகளே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசியும் அதனைக் கெடுக்கும் என்பது இதனால் விளங்கும்.

இவ்வழியில் காற்று புகுந்துவிட்டால் என்ன ஆகும்? எண்ணெயை அழுத்திச் சுருக்குவது அரிது. காற்றோ எளிதில் சுருங்கி விரியும். பம்பு தள்ளும் விசை முழுவதும் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகி, நாசில் திறக்காமற் போகின்றது. "ஏர் பிடித்துவிட்டது" என்று பட்டறையில் சொல்வது இதனையே.

முதலிற் காண வேண்டியது புகை

ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். ஒருவர் செல்ப் மோட்டாரைச் சுழற்ற, மற்றவர் நோக்கட்டும்.

சுழற்சி மெதுவாகவும் தளர்ந்தும் இருந்தால் குறை பாட்டரியிலோ அதன் முனைகளிலோ உள்ளது. முனைகளில் பூத்த உப்பை வெந்நீரால் கழுவி, இறுக்கி, மீண்டும் பார்க்க வேண்டும்.

சுழற்சி வேகமாக இருந்தும் புகையே வரவில்லையெனில், எண்ணெய் சிலிண்டரை அடையவில்லை. எண்ணெய் வழியில் அடைப்போ காற்றோ இருக்கின்றது.

சுழற்சி நன்றாக இருந்து வெண்புகை வந்தால், எண்ணெய் வருகின்றது, ஆனால் பற்றவில்லை. நாசில் தூறலாகத் தூவாமல் ஒழுகலாம். பம்பின் நேர அமைப்பு தவறியிருக்கலாம். அல்லது ரிங்கும் வால்வும் தேய்ந்து அழுத்தம் குறைந்திருக்கலாம். "மார்கழிப் பனி, அதனால் கிளம்பவில்லை" என்பதை நாம் ஏற்பதற்கில்லை. நம் பக்கத்துப் பனி, நல்ல நிலையிலுள்ள எஞ்சினைத் தடுக்கும் அளவு கடுமையானதன்று.

கிளம்பிய பின் கரும்புகை தொடர்ந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், அல்லது நாசில் கெட்டிருக்கலாம். நீலப்புகை வந்தால் மசகெண்ணெய் எரிகின்றது என்று பொருள்.

எப்பொழுது கிளம்பவில்லை?

இரவு முழுவதும் நின்ற பின் கிளம்பாது, ஒருமுறை ஓடிய பின் எளிதில் கிளம்பினால், இரவில் குழாயிலிருந்து எண்ணெய் இறங்கிக் காற்று புகுகின்றது என ஐயுறலாம். மாகறலில் கண்டது இவ்வகை.

கிளம்பி ஓரிரு நிமிடத்தில் நின்றுவிட்டால் எண்ணெய் ஓட்டம் தடைப்படுகின்றது. தொட்டி மூடியின் துளை, தொட்டி அடியிலுள்ள கசடு, வடிகட்டி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

குளிர்ந்த நிலையில் கிளம்பி, நன்கு சூடேறி நிறுத்திய பின் கிளம்ப மறுத்தால் அழுத்தப் பம்பு தேய்ந்திருக்கக்கூடும். சூட்டில் எண்ணெய் இளகித் தேய்ந்த இடைவெளி வழியே கசிவதே காரணம். ஈரத்துணியைப் பம்பின் மேல் சிறிது நேரம் இட்டு, அது ஆறியதும் எஞ்சின் கிளம்பினால் இவ்வையம் வலுப்படும். சூடான பம்பின் மேல் குளிர்நீரைக் கொட்டுதல் மட்டும் கூடாது, உள்ளுறுப்புகள் பிடித்துக்கொள்ளும்.

வழியை வரிசையாகத் தேடுதல்

முதலாவது, நிறுத்தும் கம்பி. எஞ்சினை நிறுத்த நாம் இழுக்கும் கம்பி துருவேறி, முழுவதும் திரும்பாமல் பாதியில் நிற்பதுண்டு. பம்பின் பக்கத்திலுள்ள நெம்புகோல் தன் இடத்திற்கு முழுமையாக வந்துள்ளதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இதனைப் பார்க்காமல் பம்பைக் கழற்றியோர் உண்டு.

இரண்டாவது, தொட்டி. எண்ணெய் இருக்கின்றதா, குழாய்த் திருகு திறந்துள்ளதா எனக் காண்க. மூடியில் காற்று நுழையச் சிறு துளை உண்டு. அது மண்ணால் அடைபட்டால், எண்ணெய் வெளியேற வெளியேறத் தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுவிடும். மூடியைத் திறக்கும்போது "உஸ்" என்ற ஓசை கேட்டால் இதுவே குறை.

மூன்றாவது, தண்ணீர். தொட்டியின் அடித்திருகையும் வடிகட்டிக் கிண்ணத்தின் அடித்திருகையும் சற்றே தளர்த்தி, தெளிவான கண்ணாடிப் புட்டியில் பிடித்துச் சிறிது நேரம் அசையாமல் வைக்க வேண்டும். டீசல் நீரினும் இலேசானது. ஆகவே தண்ணீர் இருந்தால் அடியில் தனியே நிற்கும். தண்ணீரும் எண்ணெயும் கூடுமிடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரிய வழுவழுப்பான கசடு உண்டாவதும் உண்டு. அது வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும்.

நான்காவது, குழாயும் இணைப்பும். தொட்டிக்கும் பீட் பம்பிற்கும் இடைப்பட்ட பகுதியில் தனிக் கவனம் வேண்டும். தொட்டி உயரத்தில் இருந்தால் கசிவு வெளியே சொட்டும். அவ்விடத்தில் தூசி ஈரமாக ஒட்டியிருக்கும். தொட்டி தாழ்வில் இருந்தாலோ, எண்ணெய் குறைந்திருந்தாலோ, அதே வெடிப்பின் வழியாகக் காற்று உள்ளே நுழையும். வெளியில் ஒரு துளியும் தெரியாது. ரப்பர் குழாயை மடக்கிப் பார்த்தால் வெடிப்புத் தென்படும். இணைப்பைக் கழற்றிய ஒவ்வொரு தடவையும் புதிய செப்பு வாசர் இட வேண்டும். பழைய வாசரைப் புரட்டிப் போடுவது சிக்கனமன்று.

ஐந்தாவது, பீட் பம்பு. அதிலிருந்து வெளிச் செல்லும் குழாயைக் கழற்றி, கைநெம்பை அசைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும் எண்ணெய் நன்றாகப் பீச்சினால் பம்பு நலமாக உள்ளது. சில பழைய எஞ்சின்களின் பீட் பம்பில் உள்ள சவ்வு கிழிந்தால் டீசல் மசகெண்ணெயில் கலந்துவிடும். ஊற்றாமலே மசகெண்ணெயின் அளவு ஏறினாலும், அதில் டீசல் வாடை வீசினாலும் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். இளகிய மசகெண்ணெயுடன் ஓட்டினால் பேரிங்குகள் பாழாகும்.

ஆறாவது, வடிகட்டி. காகித வடிகட்டியைக் கழுவி மீண்டும் பொருத்துவது பல ஊர்களில் வழக்கமாக உள்ளது. இது தவறு. கழுவும்போது அழுக்கு உட்புறம் சென்று, அடுத்த ஓட்டத்தில் நேரே அழுத்தப் பம்பிற்குப் போகின்றது. கைப்புத்தகத்தில் கூறிய மணி நேரம் ஓடியதும் புதியது மாற்றுதலே முறை.

காற்றை நீக்கும் முறை

குழாயைக் கழற்றினாலும், வடிகட்டி மாற்றினாலும், தொட்டி வறண்டு போனாலும் காற்றை நீக்கியாக வேண்டும். தொட்டியிலிருந்து நாசிலை நோக்கி முறையாகச் செல்ல வேண்டும். பின்னிருந்து தொடங்கினால் பயனில்லை.

தொட்டியில் போதிய டீசல் ஊற்றிக்கொள்க. முதல் வடிகட்டியின் தலையிலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, பீட் பம்பின் கைநெம்பை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழியின்றித் தெளிந்த எண்ணெய் வந்தவுடன், அசைப்பதை நிறுத்தாமலே திருகை இறுக்க வேண்டும். இரண்டாவது வடிகட்டியிலும், பின் அழுத்தப் பம்பின் மேலுள்ள திருகிலும் இவ்வாறே செய்க. சில பம்புகளில் இத்திருகுகள் இரண்டு உண்டு.

இறுதியாக நாசில் முனையிலுள்ள குழாய் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து, செல்ப் மோட்டாரைச் சுழற்ற வேண்டும். எண்ணெய் குமிழியின்றிப் பீறிட்டதும் நட்டுகளை இறுக்கிவிடலாம். செல்ப் மோட்டாரைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றாமல், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடமேனும் ஓய்வு தர வேண்டும்.

காற்றை நீக்கிய பின் எஞ்சின் கிளம்பி, மறுநாள் மீண்டும் அதே தொல்லை வந்தால், காற்று புகும் வழி இன்னும் அடைபடவில்லை என்று அறிக. நாள்தோறும் காற்றை எடுத்து ஓட்டுவது, ஓட்டைப் படகில் நீர் இறைத்துக்கொண்டே செல்வது போன்றது.

பட்டறைக்குச் செல்ல வேண்டியவை

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு நாசிலின் நட்டையும் தனித்தனியே சற்றுத் தளர்த்தினால் எஞ்சின் ஓசை தளர வேண்டும். ஒன்றைத் தளர்த்தியும் ஓசை மாறவில்லையெனில் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. பெரும்பாலும் அதன் நாசில் கெட்டிருக்கும். இச்சோதனையைப் பழகியவரே செய்தல் நலம்.

நாசிலையும் அழுத்தப் பம்பையும் வீட்டில் பிரிக்கலாகாது. 1951-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற மைக்கோ நிறுவனம் இத்தகைய கருவிகளை நம் நாட்டிலேயே செய்ய முற்பட்டதன் பயனாக, அவற்றைச் சோதிக்கும் பட்டறைகள் நம் நகரங்களிலும் ஏற்பட்டன. நாசிலைச் சோதனைக் கருவியில் பொருத்தி நம் எதிரிலேயே அடித்துக் காட்டும்படி கேட்கலாம். புகை போன்ற தூறலாகத் தூவி, பின் நுனியில் துளி நிற்காமல் இருந்தால் அது நல்லது. ஒழுகினால் மாற்ற வேண்டும். இதனைக் கேட்பது நம் உரிமை. நல்ல தொழிலாளி மகிழ்வுடன் காட்டுவார்.

செய்யத் தகாதவை

நாசிலிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்செல்லும் வன்மையுடையது. கையை எதிரே நீட்டுதல் கூடாது. அவ்வாறு நேர்ந்துவிட்டால், காயம் ஊசி முனையளவே இருப்பினும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அலட்சியம் செய்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

மேலே கூறிய தளர்த்தும் முறைகள் பழைய எஞ்சின்களுக்கு மட்டுமே உரியவை. 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபின், மின்னணு முறையில் இயங்கும் எஞ்சின்கள் வந்துள்ளன. அவற்றின் அழுத்தம் பன்மடங்கு மிகுதி. அவற்றைத் தொடலாகாது.

கீழே நின்றுகொண்டு, செல்ப் மோட்டாரின் முனைகளை ஸ்பானரால் இணைத்துக் கிளப்புவது உயிரைப் பணயம் வைப்பதாகும். வண்டி கியரில் இருந்தால் கிளம்பியவுடன் முன்னே பாய்ந்து, பக்கத்தில் நிற்பவர் மேல் பின்சக்கரம் ஏறிவிடும். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கியரை நியூட்ரலில் வைத்த பின்னரே கிளப்ப வேண்டும்.

காற்று வரும் வாயில் துணிப் பந்தம் காட்டுவதும், பெட்ரோல் ஊற்றுவதும் தீ விபத்துக்கும் எஞ்சின் உடைவதற்கும் இடந்தரும். மண்ணெண்ணெய் கலத்தலும் ஆகாது. டீசலே அழுத்தப் பம்பிற்கு மசகாகவும் உதவுகின்றது. மண்ணெண்ணெய்க்கு அவ்வழுவழுப்புப் போதாது. இன்று மிச்சமாகும் காசு, பம்பின் தேய்மானமாக நாளை பன்மடங்கு திரும்பி வரும்.

பஞ்சாயத்தார் கவனத்திற்கு

இப்பாடம் டிராக்டருக்கு மட்டுமன்று. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வார்தா புயல் கரை கடந்தபோது காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் பல நாள் மின்சாரம் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்கு நீர் ஏற்ற ஜெனரேட்டரே கதி என்ற நிலை வந்தது. ஆண்டு முழுவதும் மூலையில் கிடந்த ஜெனரேட்டர் அவ்வேளையில் கிளம்பாவிட்டால், குடிநீருக்கு மக்கள் எங்கே போவார்கள்? நெடுநாள் தேங்கிய டீசல் கெடும். தொட்டியில் நீர் சேரும். ஆகவே மாதம் ஒருமுறையேனும் அதனைச் சுமையுடன் ஓட்டிப் பார்த்தலும், மழைக்காலத்திற்கு முன் நீரையும் கசடையும் வடித்து நீக்குதலும் பஞ்சாயத்தின் கடமைகளுள் அடங்கும்.

மாகறலிலிருந்து உத்திரமேரூர் நெடுந்தொலைவில் இல்லை. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன என்பதைப் பலரும் அறிவர். ஏரியைப் பேணுவதற்கென்றே ஏரி வாரியம் ஒன்று அங்கு இருந்தது. ஊருக்கு உயிரான ஏரி கெட்ட பின் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்னோர் இருந்துவிடவில்லை. கெடாமற் காக்க ஆளை நியமித்தார்கள். இக்காலத்தில் ஊருக்கு உயிரான இயந்திரங்களுக்கும் அந்த மனப்பான்மை வேண்டும்.

அதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. ஒவ்வோர் இயந்திரத்திற்கும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். எத்தனை மணி ஓடிற்று, எப்போது வடிகட்டி மாற்றப்பட்டது, தொட்டியில் எவ்வளவு எண்ணெய் இருந்தது, எந்நேரத்தில் கிளம்ப மறுத்தது என்பவற்றை எழுதி வர வேண்டும். மாகறலில் அத்தகைய புத்தகம் ஒன்று இருந்திருந்தால், "தொட்டி குறைந்த நாளில்தான் தொல்லை" என்பது முதல் வாரத்திலேயே வெளிப்பட்டிருக்கும். பாட்டரியும் பம்பும் குற்றவாளி ஆகியிரா.

இவற்றைக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு இடமும் உண்டு. 1955-இல் தொடங்கப்பெற்ற மத்தியப் பிரதேசத்துப் புட்னி நிலையமும், ஆந்திரத்து அனந்தப்பூருக்கு அருகே கார்லதின்னையில் உள்ள தென்மண்டல நிலையமும் பண்ணை இயந்திரப் பயிற்சிக்கென்றே ஏற்பட்டவை. நம் மாநில வேளாண்மைப் பொறியியல் துறையின் அலுவலகத்திலும் விசாரித்து அறியலாம். ஊருக்கு ஒருவரேனும் இப்பயிற்சி பெற்றால், நடவுக் காலத்தில் பல குடும்பங்களின் கவலை நீங்கும்.

மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பி வைத்தல், நிரப்பும்போது துணியால் வடிகட்டித் தூசி விழாமற் காத்தல், வாரம் ஒருமுறை கிண்ணத்து நீரை வடித்தல் ஆகிய மூன்றையும் இன்றே தொடங்கலாம். நிறைந்த தொட்டியில் ஈரக் காற்றுக்கு இடமில்லை. ஆதலின் நீர் சேர்வது குறையும். பழைய டிராக்டர் வயதான எருதைப் போன்றது. அதன் குறிப்பறிந்து நடத்தினால் இன்னும் பல பட்டங்கள் நமக்காக உழைக்கும்.